உங்கப்பா குடிக்கல

பொகவந்தலாவை,
ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஷெரோமிக்கு அம்மா எழுதுறது. மாதாவோட தயவுல நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம், நீயும் அந்த ஊர்ல வேளைக்குச் சாப்பிட்டு, கால் வீங்காம, நல்லா இருக்கணும்னு தினமும் செபமாலையில ஒரு மணிய உனக்குன்னே உருட்டுறேன். நாங்க சுகம்னு எழுதிட்டேன், ஆனா அதுல ஒரு சங்கதி இருக்கு, அதச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் மகள். உங்கப்பா குடிக்கல. போன ஞாயித்துக்கிழமை போன்ல அவரு பாடுறதக் கேட்டுட்டு, பட்டப்பகல்ல போட்டுட்டுப் பாடுறாரு, நீங்களும் பாத்துக்கிட்டு இருக்கீங்களே அம்மான்னு கத்திட்டு வச்சிட்ட. பக்கத்துலதான் இருந்தாரு, ஒரு சொல்லு விடாமக் கேட்டுக்கிட்டு. அன்னைக்குப் பகல் சோத்தத் தொடவே இல்ல. உன் ஞானஸ்நானத்தன்னைக்கு விட்ட குடிய இருபத்தெட்டு வருசமா தொடாத மனுசன். போன்லயே இதச் சொல்லியிருக்கலாம், ஆனா நான் சொன்னா நீ அழுவ, நீ அழுதா நானும் அழுவேன், நடுவுல இவரு பாடுவாரு, ஒரு மண்ணும் விளங்காது. நல்ல வேளையா நம்ம பஜார்ல துணிக்கடை வச்சிருக்க ஹுசைன் நானாவோட தங்கச்சி மகன் ஷிஹாம் வாகன யாவாரத்துக்கு நாளைக்கு ஜப்பானுக்கு வர்றாராம், அவருகிட்ட இதையும் ரெண்டு பாக்கெட்டு தேயிலையையும் குடுத்து விடுறேன். கடுதாசிய உக்காந்து படி, பஸ்ல நின்னுக்கிட்டுப் படிக்காத.

தை மாசம், பொங்கல் முடிஞ்சு மூணாம் நாள், உங்கப்பாவுக்குப் பாரிசவாதம் வந்திச்சு. இப்ப எழும்பி நடக்குறாரு, பயப்படாத, மேல படி. அன்னைக்கு விடியக்காலையில நான் அடுப்படியில நிக்கிறேன், இவரு வாசப்படியில உக்காந்துக்கிட்டு தேத்தண்ணி கேக்குறதுக்கு வாயத் தொறந்து, பெரட்டுன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்திச்சு. முப்பத்தோரு வருசம் கணக்கப்பிள்ளையா நின்னு, விடிஞ்சதும் ஆளுங்களக் கூட்டி வேலைக்குப் பிரிச்சு விட்ட மனுசன், பென்சன் வாங்கியும் பெரட்டுக் களத்த மறக்க முடியலையாக்கும்னு நெனச்சுக்கிட்டு, தேத்தண்ணிய நீட்டினேன். வலது கையால வாங்கினாரு, கப்பு அப்படியே கீழ விழுந்திச்சு. மூஞ்சி ஒரு பக்கம் கோணிக்கிட்டு, திரும்பவும் பெரட்டு. அப்பறம்தான் நான் கத்தி ஆளுங்களக் கூப்பிட்டேன். உங்க அண்ணனும் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி புருசனும் தூக்கி ஆட்டோவுல போட்டாங்க, இங்க ஆஸ்பத்திரியில பாத்துட்டு உடனே கண்டிக்கு அனுப்பினாங்க, அங்க பதினொரு நாள். காலு ரெண்டு மாசத்துல நடக்குற அளவுக்குச் சரியாயிருச்சு. வலது கை இப்பத்தான் கரண்டி புடிக்குது. பேச்சு மட்டும் வரல. பேச்சுன்னா, ஒரே ஒரு சொல்லு வந்திச்சு. என்ன சொல்லுன்னு உனக்கே தெரியும்.

டாக்டர் பேரக் கேட்டா பெரட்டு. வயசக் கேட்டா பெரட்டு. அந்த வார்டுல ஒரு சிங்கள நர்சம்மா, பாவம் நல்ல மனுசி, எந்தத் தோட்டம்னு கேட்டு, இவரு சொன்னத அப்படியே எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க, கட்டில்ல மாட்டுற அட்டையில மூணு நாளா உங்கப்பா பெரட்டுத் தோட்டம் றோலண்டாத்தான் இருந்தாரு. மத்தவங்க சொல்றது அத்தனையும் இவருக்கு விளங்குது, மனசுல நெனைக்கிறதும் சரியாத்தான் இருக்கு, வாயில வரும்போதுதான் எல்லாம் பெரட்டா மாறுது. அது தனக்கே கேக்குறதால கோவம் வேற. நானும் முப்பது வருசம் குடும்பம் நடத்தினவதானே, கொஞ்ச நாள்ல பழகிருச்சு. இழுத்துச் சொன்னா சீனி பத்தல. வெட்டிச் சொன்னா கதவச் சாத்து. மெதுவாச் சொல்லி என் கையத் தொட்டா, அத நான் உனக்கு எழுத மாட்டேன்.

உனக்கு ஏன் சொல்லலன்னு இப்ப கோவப்படுவ. ஜூலையில உனக்கு ஜப்பான் பாஷை பரீட்சை, அது பாஸானாத்தான் அந்த முதியோர் இல்லத்துல வேலை நிரந்தரம்னு நீ சொல்லியிருந்த. உனக்குப் போன் எடுக்கட்டுமான்னு உங்க அண்ணன் ஜெரோஷன் கேட்டப்ப, இவரு கட்டில்ல படுத்தபடியே இடது கையால போனப் புடுங்கித் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டாரு. அப்பறம் ஆறு மாசம், அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, அப்பா சேர்ச்சுக்குப் போயிருக்காரு, அப்பா குளிக்கிறாருன்னு உன்கிட்ட நான் எத்தனை பொய் சொன்னேன். அந்தக் குளிர்ல ஒரு வாரத்துல மூணு தரம் குளிக்கிறாரேன்னு நீ சந்தேகப்பட்ட. பாவசங்கீர்த்தனத்துல பாதர்கிட்ட சொல்லிட்டேன், அவரு விட்டுட்டாரு, நீயும் விட்டுரு.

அப்பறம் ஒரு நாள் பொழுதுசாய செபமாலை சொல்லும்போது நடந்தத கேளு. நானும் உங்க அண்ணனும் சொல்லிக்கிட்டு இருக்கோம், மூணாவதா ஒரு குரல் கேக்குது. திரும்பிப் பாத்தா உங்கப்பா. ஒரு சொல்லு பிசகாம, முழு மந்திரமும் ஆமென் வரைக்கும் சொன்னாரு. பேச்சு வந்திருச்சு, மாதா புதுமை செஞ்சிட்டாங்கன்னு அழுதுக்கிட்டே, என்னங்க, எங்க இன்னொரு தரம் பேசுங்கன்னேன். இவரும் ஆசையா வாயத் தொறந்து, பெரட்டுன்னாரு. உங்க அண்ணன் எழும்பி வெளிய போயிட்டான், அழப் போனானா சிரிக்கப் போனானான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அந்தக் கதையத்தான் ஹுசைன் நானா கடையில போயி சொன்னேன். அவரு உடனே, நம்ம மக அசீசா அதுக்குத்தானே படிச்சிருக்கு, ஆஸ்பத்திரியில பேச்சு வராதவங்களுக்குப் பயிற்சி குடுக்குதுன்னாரு. சின்னதுல எங்ககிட்ட வந்து ஊறுகா கேட்டு நிக்கிற புள்ள, இப்ப மிஸ். கிழமைக்கு ஒரு நாள் கூட்டிக்கிட்டு வாங்கன்னு சொல்லிச்சு. அது விளக்கினத எனக்கு விளங்கின மாதிரி எழுதுறேன், நீ படிச்சவ, பிழை இருந்தா திருத்திக்க. நம்மள்ள அநேகம் பேருக்கு மூளையில இடது பக்கம்தான் பேச்சுக்காம். அங்கயும் விளங்கிக்கிறதுக்கு ஒரு இடம், சொல்லக் கோத்து வாயிக்கு அனுப்புறதுக்கு ஒரு இடம். இவருக்கு அந்த அனுப்புற இடம்தான் அடிபட்டிருக்கு. பாட்டு அப்படி இல்லையாம், மெட்டு, ஏத்தம் எறக்கம் இதுக்கெல்லாம் வலது பக்கமும் நல்லா வேலை செய்யுமாம். நோர்வூட் ரோட்டுல மண்ணு சரிஞ்சா பஸ்ஸு சுத்துப் பாதையில வந்து சேருதில்ல, அது மாதிரி சொல்லப் பாட்டுல ஏத்தி விட்டா சில பேருக்கு வேற பாதையில வந்து சேருமாம். மந்திரமும் பழைய பாட்டும் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுறதும் தானா வர்றது வேற, அதெல்லாம் வருசக்கணக்கா சொல்லிச் சொல்லி ஒரே கட்டாக் கெடக்குமாம். புதுசா ஒரு வசனத்த, எனக்குப் பசிக்குதுன்னு, தானே சொல்லணும்னா அதுக்குப் பழக்கணும். எல்லாருக்கும் வராது ஆன்ட்டி, வந்தாலும் பழையபடி முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாதுன்னு ஒளிக்காமச் சொல்லிச்சு. அதுனாலயே எனக்கு அந்தப் புள்ள மேல நம்பிக்கை.

பயிற்சி என்னன்னா, இடது கையால தொடையில தட்டித் தட்டி, ஒரு சொல்ல ரெண்டே ரெண்டு சுருதியில, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, இழுத்துப் பாடணும். தண்-ணி வே-ணும். அவ்வளவுதான். ஆனா பாடுறது யாரு மகள்? உனக்கு ஞாபகம் இருக்கா, கோயில் பாடகர் குழுவுல சேந்து, மூணாவது வாரமே ஒருத்தர் வந்து, அண்ணே நீங்க வாய மட்டும் அசைங்க போதும்னு சொல்லிட்டுப் போனாரே. அந்த மனுசனப் பாடித்தான் பேசணும்னா அவருக்கும் கஷ்டம், எங்களுக்கு அதவிடக் கஷ்டம். ரெண்டு சுருதியையும் ஒரே சுருதியாப் பாடுவாரு. அசீசா எப்புடிச் சொல்லிக் குடுத்தும் ஏறவே இல்ல. மூணு கிழமை போச்சு.

அப்பறம் ஒரு நாள் காலையில, பேக்கரியில இருந்து பாண் கொண்டாந்து விக்கிற நம்ம சுமனோட ஆட்டோ வந்திச்சு. பாண் ஆட்டோவுல ஒரு மெட்டுப் போட்டுக்கிட்டே வருவாங்களே, தோட்டத்துல நாய்க்குக் கூடத் தெரிஞ்ச மெட்டு. அது கீழ லயத்து வீடுங்க பக்கம் கேக்கும்போதே இவரு தொடையில தட்ட ஆரம்பிச்சாரு. ஆட்டோ மேல ஏறி வந்து வாசல்ல நிக்குது, இவரும் அதே மெட்டுல, மாளு-பாண் வே-ணும் டோ-ரீன், மாளு-பாண் வே-ணும்னு பாடிட்டாரு. தப்பு இல்லாம, என் பேரோட. நான் கையில இருந்த விளக்குமாத்தப் போட்டுட்டு அவரு தலைய நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டு அழுறேன், சுமன் என்னமோ ஏதோன்னு பயந்து போயி மீன் வச்ச மாளுபாண் ஆறு குடுத்துட்டு ஓடிட்டாரு.

அன்னையில இருந்து எல்லாம் அந்த மெட்டுதான். அசீசா எவ்வளவோ சொல்லிப் பாத்திச்சு, அங்கிள், மெட்டு சின்னதா இருந்தா நல்லதுன்னு. கேட்டாத்தானே. தலை அரிக்குதுன்னாலும் அதே மெட்டு, சோத்துல உப்பு இல்லன்னாலும் அதே மெட்டு. கடைசியில அந்தப் புள்ளயும் சரி உங்க வழிக்கே வர்றேன்னு, அந்த மெட்டையே துண்டு துண்டா வெட்டிப் பயிற்சி குடுத்திச்சு. ஆனா லயத்து ஆளுங்களுக்குத்தான் தொல்லை. இவரு காலையில பல்லு விளக்கத் தண்ணி கேட்டா, நாகலெட்சுமி பையத் தூக்கிக்கிட்டு ஓடி வருவா, வந்து ஆட்டோவக் காணோம்னு இவரத் திட்டிட்டுப் போவா. ரெண்டு மூணு தரம் ஏமாந்தவங்க, உண்மையா ஆட்டோ வரும்போது றோலண்ட் அண்ணன்தான் பாடுறாருன்னு வெளிய வரல. சுமன் வீட்டுக்கே வந்து, அண்ணே, என் யாவாரம் படுத்திருச்சு, காலையில ஆறுல இருந்து ஏழு வரைக்கும் மட்டும் பேசாம இருங்கன்னு கெஞ்சினாரு. ஆறு மாசமாப் பேச்சு வராத மனுசனப் பாத்துப் பேசாம இருங்கன்னு ஒருத்தர் சொன்னத கேட்டு எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோசம்.

இனித்தான் பெரிய விசயம். உங்க அண்ணனுக்கு வலப்பனையில ஒரு புள்ளயப் புடிச்சிருக்கு, பேரு ஜொய்சி, டீச்சர். ஹட்டன்ல இவன் போன் திருத்துற கடைக்கு ஒரே போன நாலு தரம் கொண்டு வந்திச்சாம், நாலாவது தரம் போன்ல ஒரு பிழையும் இல்லையாம். தாய் இல்லாத புள்ள. அப்பா ஸ்டீபன் இராமையா சேர், ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார், கல்யாண அழைப்பிதழக் குடுத்தா அதுல எழுத்துப்பிழை திருத்திக் குடுத்துட்டுத்தான் மொய் எழுதுவாராம், அப்படிப்பட்ட ஆளு. ஜூலை கடைசிச் சனிக்கிழமை வீடு பாக்க வர்றோம்னு சொல்லி அனுப்பினாரு. இவருக்குப் பாரிசவாத வருத்தம்னு அவங்ககிட்ட நாங்க சொல்லல. சொல்லக் கூடாதுன்னு ஜெரோஷன் வாயக் கட்டினது நான்தான், அவனக் குத்தம் சொல்லாத. வாதம் வந்த குடும்பம்னு நெனச்சிருவாங்களோன்னு பயந்துட்டேன். நீங்க சிரிச்சுக்கிட்டு தலைய ஆட்டுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்னு உங்கப்பாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவரும் தலைய ஆட்டினாரு.

வந்தாங்க. சேர் வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டு, முதுகு வளையாம உக்காந்திருக்காரு. கேள்விக்கெல்லாம் நானே முந்திக்கிட்டுப் பதில் சொல்றேன், உங்கப்பா சிரிக்கிறாரு, ஆட்டுறாரு, சிரிக்கிறாரு, ஆட்டுறாரு. தேத்தண்ணி குடிச்சாச்சு, வடை சாப்பிட்டாச்சு, முடிஞ்சிருச்சுன்னு நான் மூச்சு விடும்போது சேர் கப்பக் கீழ வச்சிட்டு, அம்மா நிறையச் சொல்லிட்டாங்க, உங்க மகனப் பத்தி நீங்க என்ன சொல்றீங்கன்னு நேரா அவருகிட்ட கேட்டுட்டாரு. நான் வாயத் தொறந்தேன், சேர் கைய இப்படித் தூக்கி என்னை நிறுத்திட்டாரு, வகுப்புல நிறுத்துற மாதிரி. உங்கப்பா மூஞ்சி செவந்திருச்சு. உதடு துடிக்குது. சத்தமா வந்திச்சு, பெரட்டு! ஜொய்சி பயந்து எழும்பி நின்னுருச்சு. சேருக்கு ஒண்ணும் விளங்கல, கண்ணாடியக் கழட்டிட்டுப் பாக்குறாரு. எனக்குத் தரையில குழி தோண்டி எறங்கிரலாம் போல இருந்திச்சு.

அப்ப உங்கப்பா கண்ண மூடிக்கிட்டு, இடது கையால தொடையில தட்ட ஆரம்பிச்சாரு. அந்தப் பாழாப் போன மெட்டுதான். எம்-மகன் நல்-லவன், பொய்-சொல்ல மாட்-டான்னு பாடினாரு. அதோட நிறுத்தக் கூடாதா? கா-லையில மட்-டும் எழும்-ப மாட்-டான், தண்-ணி ஊத்-தணும்னு அடுத்த அடியையும் பாடிட்டாரு. உங்க அண்ணன் தலையில கைய வச்சுக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டான். அந்த நேரம் பாத்து நாகலெட்சுமி கதவத் தள்ளிக்கிட்டு வந்து, கையில பையோட, ரெண்டு பாண் குடுங்கன்னு நிக்கிறா. புதுசா வந்தவங்களப் பாத்துட்டு, உங்கப்பா பக்கம் திரும்பி, ஐயோ இன்னைக்கும் நீங்கதானா அண்ணேன்னு திட்டிட்டுப் போயிட்டா.

இனி மறைச்சு என்ன ஆகப் போகுது. நான் எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஒளிச்சது என் தப்பு சேர், மகன் சொல்லிரலாம்னுதான் சொன்னான், அவன நெனச்சுக்கிட்டு என்னை மன்னிக்கணும்னு சொன்னேன். சேர் கையில இருந்த கண்ணாடிய மடிச்சுச் சட்டைப் பையில வச்சாரு. அப்பறம் மெதுவா, ஜொய்சியோட அம்மாவுக்கும் இதே வருத்தம்தான் வந்திச்சும்மான்னாரு. எட்டு மாசம் இருந்தாங்களாம். பாட்டுப் பாடிப் பாக்கலாம்னு யாரும் அவங்களுக்குச் சொல்லலையாம். அதவிட இன்னொண்ணு சொன்னாரு மகள், அதச் சொல்லும்போது சேர் தரையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவ ஒரு சொல்லுக்கு வாயத் தொறந்தா நான் பொறுக்காம முழு வசனத்தையும் எடுத்துக் குடுத்தேன், வாத்தியார் புத்தி, கொஞ்ச நாள்ல அவ வாயத் தொறக்குறதையே விட்டுட்டான்னாரு. ஜொய்சி போயி அப்பாவோட தோளப் புடிச்சுக்கிச்சு.

உங்கப்பாதான் எழும்பினாரு. காலை இழுத்து இழுத்து நடந்து போயி, சேரோட இடது கையத் தூக்கி, சேரோட தொடையில வச்சு, தட்டுங்கன்னு காட்டினாரு. அந்தப் பெரிய மனுசன் என்னைப் பாக்குறாரு, மகளப் பாக்குறாரு. அப்பறம் தொண்டையச் செருமிட்டு, ரெண்டு தட்டுத் தட்டி, எங்-கள் மக-ளும் எழும்-ப மாட்-டாள்னு பாடினாரு. அதுலயும் இலக்கணம் பாரு, மாட்டாள்னு ள் போட்டுத்தான் பாடினாரு. உங்கப்பா சிரிச்ச சிரிப்புல பல்செட்டுக் கழண்டிருச்சு. ஜொய்சி, அப்பான்னு கத்திட்டு மூஞ்ச மூடிக்கிச்சு. அப்பறம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு அடியா மாத்தி மாத்திப் புள்ளைங்களக் காட்டிக் குடுத்தாங்க, நானும் அடுப்படியில இருந்து உங்க அண்ணன இழுத்துக்கிட்டு வந்து உக்கார வச்சேன். தை மாசம் கல்யாணம். சேர் வாசல்ல செருப்பப் போட்டுக்கிட்டே, வீட்டுல ரெண்டு பேரும் எழும்பலன்னா இவங்களுக்குச் சமைக்கிறது யாரும்மான்னு மட்டும் கவலைப்பட்டாரு.

நீ லீவு இப்பவே எழுதிக் குடு, குளிர் தொடங்கினதும் நல்ல சொக்ஸ் போடு, ரெண்டு வேளை நூடுல்ஸ் திங்காத. உங்க இல்லத்துல பேச்சு வராத பெரியவங்க யாராச்சும் இருந்தா, அவங்க சின்ன வயசுப் பாட்டு என்னன்னு விசாரிச்சு, உங்க மிஸ்மாருகிட்ட கேட்டுட்டு, பாடிப் பாரு. இப்ப அசீசா மெட்டக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்குது, சின்னச் சின்ன சொல்லு மெட்டு இல்லாமயும் வருது. போன கிழமை என்னைப் பாத்துச் சாதாரணமா, வா-ன்னாரு. எங்கன்னு கேட்டேன், அதுக்கு மேல சொல்லத் தெரியல, சும்மா போயி பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பதினொரு மணிக்கு, உன் நேரத்துக்கு ரெண்டரைக்கு, போன் எடு. அவரு உனக்குன்னு ஒரு வசனம் பழகுறாரு, எனக்குத் தெரியாம அசீசாகிட்ட, என்னன்னு ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நடுவுல நிக்கும், திக்கும், தட்டுற சத்தம் மட்டும் கேக்கும். நீ அழுதாலும் பரவாயில்ல, ஆனா சொல்லு எடுத்துக் குடுக்காத, நீயே முடிச்சு வைக்காத. எவ்வளவு நேரமானாலும் சரி, கேட்டுக்கிட்டே இரு.

ஆண்டவர் உன் காலடியையும் கைவேலையையும் ஆசீர்வதிப்பாராக. கழுத்துல கெடக்குற சிலுவைச் செயினக் கழட்டி வைக்காத.

உன் மேல உயிரா இருக்கிற அம்மா,
டோரீன்.

கீழ இருக்கிறது உங்கப்பா இடது கையால போட்ட கையெழுத்து. கோழி கிண்டின மாதிரி இருக்குன்னு கேலி பண்ணாத, ஒரு பொழுது முழுக்க உக்காந்து, யாரும் எழுத்துச் சொல்லிக் குடுக்காம, அவரே போட்டது.

றோலண்ட்